ஒற்றைச் சக்கரக் கணக்கு

என் மனைவிக்குக் காது மந்தமாகி, காதில் மிஷின் வைத்த பிறகுதான் என் கார் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று எனக்கே தெரிந்தது. அதற்கு முன்னால் இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு போவோம். டீசல் வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

ஊருக்குள் அது நல்ல பிள்ளை. நெடுஞ்சாலையில் ஏறி, நாலாவது கியரும் போட்டு, அறுபதைத் தாண்டினால் மாவு மிஷினுக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். கை தானாக ஐந்தாவது கியரைத் தேடும். பழைய வண்டி, நாலுதான்.

மகள் வேறு ஊரில் இருக்கிறாள். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். போன தடவை போகும்போது, பாதி வழியில் இவள் காதிலிருந்து மிஷினைக் கழற்றிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். இன்ஜின் இரைச்சலை எல்லாம் சேர்த்து மிஷின் அவள் மண்டைக்குள் கொட்டுகிறதாம். அதைக் கழற்றினால் நான் பேசுவது கேட்காது. நான் ஏதோ சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது, மகள் வீட்டு வாசலிலேயே இவள் சொல்லிவிட்டாள்.

"நான் பஸ்ல போறேன். நீங்க வண்டியில வாங்க."

"பஸ்ல மட்டும் சத்தம் இல்லையா?"

"அங்க யாரும் என்கிட்ட பேசிட்டு, ஏன் பதில் சொல்லலைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டாங்க."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். நான் அந்த பஸ் பின்னாலேயே வீடு வரை ஓட்டி வந்தேன். டிரைவர் எப்படிப்பட்டவனோ, யாருக்குத் தெரியும்? பின் கண்ணாடி வழியே அவள் கொண்டை தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு போனாள்.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. வீட்டில் அவளுக்கு ஓயாத வேலை, எனக்கு ஓயாத தூக்கம். நாங்கள் உட்கார்ந்து பேசுவது காரில்தான். இனிமேல் பஸ்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டால், அதுவும் போயிற்று.

வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள் சிலர். விற்றால் வாங்குகிறவன் ஏமாற்றுவான், புதிது வாங்கினால் விற்கிறவன் ஏமாற்றுவான். ஆகவே மச்சினனிடம் போனேன். என் மனைவியின் தம்பி, மெக்கானிக், தெருக்கோடியில் ஷெட் வைத்திருக்கிறான். அவன்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவன் எதுவும் செய்துவிட்டான் என்று இல்லை. எனக்கு யார்மேலும் கிடையாது. அவன் கிட்டத்திலேயே இருப்பதால் அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"இன்ஜின்மேல தப்பில்ல மாமா," என்றான். "அது பாவம், ஓடுன்னா ஓடுது. பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல்தான் போட்டு விரட்டுது."

"அதுலேர்ந்து சத்தமே வரலையே."

"சத்தம் போடுறது இன்ஜின்தான். ஏன் போடுது? சக்கரம் ஒரு சுத்து வர, இன்ஜின்லேர்ந்து பின்னாடி போற ஷாஃப்ட் நாலு சுத்து சுத்தணும். பாரத்தோட மேடு ஏறணும்னு கம்பெனிக்காரன் அப்படி வெச்சிருக்கான். நீங்க என்ன கல்லு மூட்டையா ஏத்துறீங்க? நீங்க, அக்கா, ஒரு பை. மூணே கால் சுத்துல போற டிஃபரன்ஷியல் ஒண்ணு மாத்திட்டோம்னா, அதே வேகத்துக்கு இன்ஜின் நிதானமா ஓடும்."

"மேட்டுல?"

"கொஞ்சம் மூச்சு வாங்கும். ஒரு கியர் இறக்கிக்கணும்."

குறையையும் அவனே சொன்னது எனக்குச் சந்தேகமாக இருந்தது. வேலை பிடிக்கிறவன் குறை சொல்வானா?

பழைய இரும்புக் கடைக்கு இரண்டு பேரும் போனோம். அதே கம்பெனியின் பெரிய இன்ஜின் வண்டி ஒன்றின் பின்பக்க அச்சு முழுசாக, மரக்கட்டைகள்மேல் கிடந்தது. நடுவில் உருண்டையாக டிஃபரன்ஷியல். போல்ட் துளை எல்லாம் என் வண்டிக்கு அப்படியே பொருந்துமாம். மச்சினன் ஷாஃப்ட் மாட்டும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். கடைக்காரர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் பிடித்துச் சேர்ந்தாற்போல் ஒரு சுற்று சுற்றினார்கள். நான் குனிந்து கோட்டை எண்ணினேன். மூன்று, அப்புறம் கொஞ்சம். மறுபடி சுற்றச் சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன்.

"பெரியவரே, வயித்துப் பிள்ளைக்குக்கூட இத்தனை ஸ்கேன் எடுக்க மாட்டாங்க," என்றார் கடைக்காரர்.

மாற்றுகிற அன்று ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கண் எடுக்கவில்லை. ஆனால் இந்த வயதில் சில காரியங்கள் நம் சொல் கேட்பதில்லை. ஒருமுறை எழுந்து பின்பக்கம் போய் வருவதற்குள் பழையது கீழே கிடந்தது, புதியது உள்ளே ஏறியிருந்தது.

"நாம பார்த்ததுதானா அது?"

"இல்ல மாமா. பூசணிக்காய்க்குக் கறுப்பு பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கேன்."

சாவியைக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னான். "வேகம் காட்டுற முள்ளை நம்பாதீங்க. அது ஷாஃப்ட் சுத்துறதைத்தான் எண்ணுது, இனிமே குறைச்சுத்தான் காட்டும். அதை அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

இந்த உலகத்தில் நான் நம்பியது அந்த முள் ஒன்றைத்தான். அதையும் பிடுங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வரும்வரை எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கொஞ்சம் சோம்பல் படுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மனசு கேட்கவில்லை. முன் சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். வண்டி இறங்கினால் தாங்கட்டும் என்று ஒரு பழைய டயரை அடியில் தள்ளினேன். டயரில் ஒரு கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு. தெருவில் படுத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினேன்.

மனைவி வாசலுக்கு வந்தாள். "கீழ என்ன தேடுறீங்க?"

"உன் தம்பியோட யோக்கியதையை."

"கிடைச்சா சொல்லுங்க. அரிசி கழுவணும், உள்ள போறேன்."

சக்கரம் ஒரு முழுச் சுற்று வந்தது. ஷாஃப்ட் இரண்டுகூடச் சுற்றவில்லை. மறுபடி எண்ணினேன். அதேதான். கடையில் நான் கண்ணால் பார்த்தது மூன்றுக்கு மேல்.

அப்படியே வண்டியை இறக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். சண்டையை விலக்க ஆள் வேண்டும் என்று அவளும் ஏறிக்கொண்டாள், ஈரக் கையோடு.

"எதைடா மாட்டி வெச்சிருக்கே?" என்றேன், போனதும் போகாததுமாக. "நான் எண்ணினது மூணுக்கு மேல. இதுல ரெண்டுகூடத் தேறல. நான் அந்தப் பக்கம் போன நேரத்துல மாத்திட்டே."

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மச்சினன் டீ குடித்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்தது. என்னமோ சொல்ல வாயெடுத்தவன், என் சட்டை முதுகில் இருந்த மண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"உங்ககிட்ட எத்தனை ஜாக்கி இருக்கு மாமா?"

"ஒண்ணு. எதுக்கு?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குப் பிடிக்காது. அவன் அக்காவும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டாள்.

பிறகு பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினான். "அக்கா, நீ அந்தச் சக்கரத்தைப் பிடி. நான் இதைப் பிடிக்கிறேன். மாமா அடியில படுத்து எண்ணட்டும். அப்புறம் என்மேல பழி வராது பாரு."

அவள் முந்திக்கொண்டு சுற்றினாள். "பொறு அக்கா, தேர் இழுக்கல, ஒண்ணா சுத்து," என்று கத்தினான். மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை சேர்ந்து சுற்றினார்கள். ஷாஃப்ட் மூன்று சுற்று வந்து, இன்னும் ஒரு கால் தள்ளி நின்றது.

"ஒரு சக்கரம் தரையில நின்னா, அதோட பங்கையும் மேல இருக்கிறது சேர்த்துச் சுத்திடும் மாமா," என்று குனிந்து சொன்னான். "அதான் பாதியாத் தெரிஞ்சுது. அப்படி விட்டுக்கொடுக்கலைன்னா வண்டி வளைவுல திரும்பவே திரும்பாது."

நான் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டீ ஆறிப் போச்சு. வேற ஒண்ணு சொல்லிக்கோ," என்றேன்.

"மன்னிப்புக் கேக்குறார்டா தம்பி," என்றாள் அவள். "வாங்கி வெச்சுக்கோ. இனி எப்ப வருமோ."

இவ்வளவு ஆன பிறகும், மறுநாள் மகளைப் பார்க்கக் கிளம்பும்போது பஸ்ஸில்தான் போவேன் என்றாள். கெஞ்சுவது எனக்கு வராது. "டோல்கேட் வரைக்கும் வா. பிடிக்கலைன்னா அங்க இறங்கிக்கோ. பஸ் நிக்கும்," என்றேன். யோசித்துவிட்டு ஏறினாள். பையைப் பின் சீட்டில் வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள். ஒரு கை காது மிஷினுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது.

நெடுஞ்சாலையில் ஏறி நாலாவது கியரைப் போட்டேன். மாவு மிஷின் இப்போது ஆரம்பிக்கும், இப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். இன்ஜின் அடித் தொண்டையில் முனகிக்கொண்டு வந்ததே தவிர, கத்தவில்லை. முள் ஐம்பதைத்தான் காட்டியது. வழக்கமாக என்னைத் தாண்டிப் போகும் தண்ணீர் லாரி பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. யாரை நம்புவது?

ஓரக்கண்ணால் அவள் கையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

"ஏதோ டிக் டிக்குன்னு கேக்குதே," என்றாள் திடீரென்று.

பார்த்தேன். திரும்பும்போது போட்ட இண்டிகேட்டரை அணைக்கவில்லை.

"எத்தனை வருஷமா இது இப்படிச் சத்தம் போடுது?"

"தெரியாது. எனக்கும் இன்னிக்குத்தான் கேக்குது."

டோல்கேட் வந்தது. தாண்டியதும் ஓரம் கட்டினேன். சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதானே. முன்னால் ஒரு பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

"ஏன் நிக்குறீங்க?"

"பஸ் நிக்குது."

"நிக்கட்டும். அதுக்கு நாம என்ன பண்றது?" பையைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டாள். காதுக்குப் பக்கத்தில் இருந்த கை மடிக்கு வந்தது. "கிளம்புங்க. அவ வீட்டுக்குப் போனதும் முதல்ல அந்த முன் ரூம் திரையைச் சரியா மாட்டிக் கொடுங்க. போன தடவை நீங்க அடிச்ச ஆணி ஒண்ணு மேல ஒண்ணு கீழ. வர்றவங்க எல்லாம் தலையைச் சாய்ச்சுக்கிட்டே பார்க்குறாங்களாம். கேட்டா மாப்பிள்ளை சொல்றாரு, எங்க..."

பெரிய மேடு வந்தது. மச்சினன் சொன்ன மாதிரியே வண்டிக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது கியருக்கு இறக்கினேன். இன்ஜின் பழைய குரலில் கத்த ஆரம்பித்தது. அவள் பேச்சை நிறுத்தினாள். மிஷினைக் கழற்றவில்லை. வாயைத் திறந்தபடி, ஒரு விரலை எனக்கு நேரே நீட்டிக்கொண்டு அப்படியே காத்திருந்தாள். உச்சியில் ஏறி நாலாவது போட்டதும் சத்தம் அடங்கியது.

"...எங்க மாமனார் அடிச்ச ஆணியாச்சே, கழட்ட மனசு வரலன்னு. கிண்டல் பண்றாரு, அதுகூடப் புரியல உங்களுக்கு."

"சுவர்தான் கோணல்," என்றேன்.

அடுத்த ஊர் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.