ஏழாவது சிலிண்டர்

வானம் காலியாக இருக்கிறது, வடக்கே காட்டுக்கு மேல் பீரங்கிப் புகை மட்டும் பொதிபொதியாக எழும்புகிறது, சவரிராயன் ஈரப்புல்லில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான், விமானம் போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, இரண்டரை மணி நேரத்துக்குத்தான் பெட்ரோல், எத்தனையோ வருஷம் கழித்துப் புதுச்சேரியில் சோற்றில் கை வைத்தபடியே அவன் நினைப்பில் இந்தப் புல்லுக்குத் திரும்பி வந்துவிடுவான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து செப்டம்பர், பிரான்சின் வடக்கு மூலை, ஆறே விமானங்கள் கொண்ட ஒரு பிரெஞ்சுப் படைப்பிரிவு, அதில் பறக்கும் நிலையில் அன்று ஒன்றுதான், அதன் மெக்கானிக் அவன். புதுச்சேரி மில்லில் எந்திரம் பார்த்தவன் என்று யாரோ தாளில் எழுதியதால் பதுங்குகுழியிலிருந்து இங்கே இழுத்துக்கொண்டார்கள், அங்கே நாலு மாதம் முழங்கால் சேற்றில், செத்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றவன், இங்கே வந்த முதல் நாள் எஞ்சினில் ஊற்றும் எண்ணெயை முகர்ந்துவிட்டுச் சிரித்தான், விளக்கெண்ணெய், அத்தனை தூரம் கடல் தாண்டி வந்தும் அதே வாடை.

விடியற்காலையில் ஏழாவது சிலிண்டரின் வால்வு ஸ்பிரிங்கில் மயிரிழைபோல் ஒரு விரிசல் கண்டான், மாற்ற வேறில்லை, போன வாரம் விழுந்து எரிந்த விமானத்தின் எஞ்சினிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினான், அது நெருப்பில் வெந்ததா, வேகாததா, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வெந்ததென்றால் பறக்கையிலேயே முறிந்துவிடும். கேப்டன் வந்து நின்றார், காட்டுக்குப் பின்னாலிருக்கும் ஜெர்மன் பீரங்கிகள் எங்கே என்று இன்றைக்குத் தெரியாவிட்டால் நம் ஆட்கள் குழியிலேயே புதைந்துபோவார்கள் என்றார், பறக்காது என்று சொல்லும் மெக்கானிக் எனக்கு வேண்டாம், அவன் வந்த இடத்துக்கே போகலாம் என்றும் சொன்னார். விமானி லெப்டினன்ட் கார்னியே காரைக்காலில் வளர்ந்தவன், அப்பா அங்கே நீதிபதி, சமையற்காரரிடம் கற்ற தமிழ், கேப்டனுக்குப் புரியாதபடி குனிந்து கேட்டான், சவரி, இது தாங்குமாடா. சவரிராயனின் வாய்க்குள் சேற்றின் ருசி வந்தது. தாங்கும் முசியே என்றான். பின் இருக்கையில் ஏறிக்கொண்டிருந்த எத்தியேன், எதிரியின் இடங்களை வரைபடத்தில் குறிக்கும் பையன், போருக்கு முன்னால் பள்ளிக்கூட வாத்தியார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கையசைத்தான்.

இரண்டு மணி இருபது நிமிடம், இரண்டு மணி முப்பது, கேப்டன் கடிகாரத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார், நான்தான் அனுப்பினேன், நான்தான் என்று சவரிராயன் முணுமுணுக்கிறான், அப்புறம் ஒரு கொசு ரீங்காரம், காட்டு முனையில் ஒரு புள்ளி, இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்து புல்லில் முட்டி எகிறி நின்றது. ஓடினான், யாரையும் பார்க்கவில்லை, நேராக எஞ்சினுக்குப் போய்ச் சுடச்சுட ஏழாவது சிலிண்டரைத் தடவினான், ஸ்பிரிங் முழுசாக இருந்தது, தாங்கிடுச்சு முசியே, தாங்கிடுச்சு என்று கத்திச் சிரித்தான், சிரித்த வாயோடு நிமிர்ந்தபோதுதான் பின் இருக்கையில் எத்தியேன் வரைபடத்தின்மேல் கவிழ்ந்து கிடப்பது தெரிந்தது, கழுத்துக்குக் கீழே இரண்டு குண்டு, வரைபடத்தில் நாலு பெருக்கல் குறி, நாலாவது பாதியில் கோணிக்கொண்டு போயிருந்தது.

கார்னியே இறங்கவில்லை, முகமெல்லாம் எண்ணெய், முன்னால் பார்த்தபடியே பேசினான். எப்பச் செத்தான்னு எனக்குத் தெரியலடா, ரெண்டு தடவ முதுகுல தட்டினான், நான் திரும்பல, எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கிட்டிருந்தேன், இப்ப நின்னுடும், இப்ப நின்னுடும்னு. சவரிராயன் எஞ்சினை மூடிய தகரத்தைப் பிடித்துக்கொண்டான். தாங்குமான்னு எனக்கே தெரியாது முசியே, பயத்துல சொன்னேன். தெரியும், ஒம் மூஞ்சியப் பாத்தேன், நீ தாங்கும்னு சொல்லணும்னுதானே நானும் கேட்டேன், நானா பறக்க மாட்டேன்னா கோழைன்னு என்னைச் சொல்லுவாங்க என்றான் கார்னியே.

இருவருமாக எத்தியேனைத் தூக்கி இறக்கினார்கள், கனமே இல்லை. கேப்டன் வரைபடத்தை வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார், மத்தியானத்துக்குள் நம் பீரங்கிகள் அந்த நாலு இடத்தையும் அடித்தன, குழிகளின் மேல் குண்டு விழுவது நின்றது, அந்தக் குழிகளில் எத்தனை பேர் பிழைத்தார்களோ. மூன்று மணிக்குக் கேப்டன் இன்னொரு வரைபடத்தோடும் இன்னொரு இளைஞனோடும் வந்தார், விமானம் தயாரா என்று கேட்டார், அந்த இளைஞன் பின் இருக்கையில் இன்னும் காயாத ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சவரிராயன் துணியில் கையைத் துடைத்தான், எல்லோருக்கும் புரியட்டும் என்று பிரெஞ்சிலேயே சொன்னான், இந்த எஞ்சின் பறக்காது, கேப்டன், நான் அனுப்ப மாட்டேன். கேப்டன் கார்னியேயைப் பார்த்தார். அவன் தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டுச் சவரிராயனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

நாலாம் நாள் சவரிராயனைக் குழிக்கு அனுப்பினார்கள், மழை பெய்துகொண்டிருந்தது, வழியெல்லாம் கால் புதைந்தது, ஆனால் அன்றைக்கு ராத்திரி அவன் தூங்கினான்.