மடியில் எடுத்த சாமான்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கோயில் வாசலில் விடுவதுபோல, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு ஓரமாக ஒதுக்கி விடப்பட்டிருந்தது. கடை திறந்து ஒரு வாரத்தில் யாரும் கூப்பிடாமல் தானாக உள்ளே வந்த முதல் ஆள். பில் மேஜையில் உட்கார்ந்திருந்த பத்மாவதிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது.

மாமனார் கோவிந்தராஜுலு பீளமேட்டில் காலங்காலமாக நடத்திய மளிகைக் கடைதான் அது. ஆட்களை உள்ளே விடாமல் குறுக்கே கிடந்த பலகையைப் பெயர்த்துவிட்டு, வரிசையாக இரும்பு அடுக்குகள் போட்டு, பருப்பு முதல் சோப்பு வரை அவரவரே எடுத்துக்கொள்ளும்படி பாக்கெட்டில் விலை ஒட்டி வைத்தவன் அவள் கணவன் ஸ்ரீனிவாஸ். மெட்ராஸில் அப்படி ஒரு கடையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு வேறு பேச்சில்லை. இது நடந்தால் அடுத்தது பெருந்துறை, அப்புறம் கோபி என்று சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் விரலால் ஊர்களை வரைந்து காட்டுவான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

மாமனார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். சாமான் திருடு போக ஆரம்பித்தால், அன்றைக்கே பலகையைத் திரும்பக் குறுக்கே போட வேண்டும். ஸ்ரீனிவாஸ் பெரியப்பா மில்லுக்கு வேலைக்குப் போக வேண்டும். "கைக்கெட்டற தூரத்துல வெச்சுப்போட்டு, எடுக்காதீங்கன்னா எடுக்காம இருப்பாங்களா அம்மணி?" என்று அவளிடமே கேட்டார். பலகை இன்னும் பின்னறையில் சாய்ந்துதான் நிற்கிறது. மில்லுக்குப் போனால், மாலையில் வீடு திரும்புகிறவன் அந்தத் தட்டின் முன் எப்படி உட்கார்வான் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உள்ளே வந்தவள் பழனியாத்தாள். சரவணம்பட்டிப் பக்கம் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். பழைய கடையில் படிக்குக் கீழேயே நின்று வேண்டியதைச் சொல்வாள். பொட்டலம் மேலிருந்து அவள் கைக்கு இறங்கும். இன்று படியேறி வந்தவள், கையிலிருந்த பையைக் கதவோரம் வைத்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, நானே தொட்டு எடுக்கலாமுங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். பத்மாவதி பிளாஸ்டிக் கூடையைக் காட்டினாள். பழனியாத்தாள் அதைத் தொடவில்லை. முந்தானையை இழுத்து மடி கட்டிக்கொண்டாள்.

வெளியே அவளோடு வந்த பெண்கள் கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்றார்கள். "உள்ள போனவளப் புடிச்சுக் கட்டிப்போட்டாங்களா பாரு" என்று முத்தாத்தாள் உள்ளே கேட்கும்படி உரக்கச் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் யாரும் காலை எடுத்து வைக்கவில்லை.

கடை முழுக்கத் தெரியும்படி மூலையில் மாட்டியிருந்த குண்டுக் கண்ணாடியில் பத்மாவதி பார்த்துக்கொண்டே இருந்தாள். துவரம்பருப்பு மடிக்குள் போயிற்று. புளி போயிற்று. அடுத்து பழனியாத்தாளின் முதுகு மறைத்தது. கை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அடுக்கின் அந்தக் கோடியில் ஸ்ரீனிவாஸ் பாக்கெட்டுகளை நேராக்கிக்கொண்டிருந்தான். நேராக இருந்தவற்றையே திரும்பத் திரும்ப நேராக்கினான். வாசல் நாற்காலியில் இருந்த மாமனார், பேப்பரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பழனியாத்தாள் மேஜைக்கு வந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பருப்பு, புளி, மிளகாய், ஒரு சோப்பு. பத்மாவதி பில் போட்டாள், அவள் காசு கொடுத்தாள். மடி இன்னும் புடைத்திருந்தது.

சுருக்குப்பையாக இருக்கலாம். வெற்றிலையாக இருக்கலாம். கேட்டுவிட்டால், கண்ணாடிக்கு வெளியே நிற்கிற யாரும் இந்த ஜென்மத்தில் உள்ளே வரமாட்டார்கள். கேட்காவிட்டால், மாமனார் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்மாவதியின் கண் மடியிலேயே நின்றுவிட்டதைப் பழனியாத்தாள் கண்டுகொண்டாள். முகம் கறுத்தது. முடிச்சின்மேல் கை போயிற்று.

"அவுத்துக் காட்டட்டுங்களா?"

எட்டி அந்தக் கையைப் பிடித்தாள் பத்மாவதி. காய்த்துப்போன, சூடான கை.

"வேண்டாமுங்க. போயிட்டு வாங்க."

பழனியாத்தாள் அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு சாமான்களைக் கதவோரத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். மாமனார் எழுந்து உள்ளே வந்தார்.

"பாத்தியா அம்மணி?"

"பாத்தனுங்க மாமா."

"என்னத்தப் பாத்தே?"

ஸ்ரீனிவாஸ் ஒரு பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

வெளியே வெயிலில் பழனியாத்தாள் மடியை அவிழ்த்து எதையோ எடுத்துக் காட்டினாள். தலைகள் குனிந்து அதை மறைத்துக்கொண்டதில், கடைச் சாமானா, சொந்தச் சுருக்குப்பையா என்று பத்மாவதிக்குத் தெரியவில்லை. என்னவோ பேச்சு நடந்தது. கண்ணாடியைத் தாண்டி ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு முத்தாத்தாள் செருப்பைக் கழற்றினாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி கழற்றினாள். கதவு திறந்தது. கூடைகள் அடுக்கியது அடுக்கியபடியே இருக்க, ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக முந்தானையை இழுத்து மடி கட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.