அசையாத படம்

அண்ணனூரில் எட்டு வருஷமாகக் கேபிள் நடத்தும் பாஸ்கலுக்கு சிக்னலை அளக்கும் மீட்டர் என்றால் இளக்காரம். "கைதான் நமக்கு மீட்டரு" என்பான். பழைய ரிசீவர் கொடுத்த செல்லம் அது. சிக்னல் எவ்வளவு மெலிந்தாலும் புள்ளி புள்ளியாக ஏதோ ஒரு படத்தைக் காட்டும். புள்ளி குறைகிற பக்கம் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே போனால் போதும்.

போன வாரம் வாங்கிய டிஜிட்டல் பெட்டிக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது. வந்தால் பளிச்சென்று படம், இல்லாவிட்டால் வெறும் கறுப்பு.

இந்த நேரம் பார்த்தா வளைகுடாவில் கப்பல் தீப்பிடிக்க வேண்டும்? எதிர்வீட்டு லத்தீஃபாவின் கணவன் ஷவுகத் அலி அதில்தான் வேலை செய்தான். கரைசேர்க்கப்பட்டவர்களை மதியச் செய்தியில் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தவள், கீழே பாஸ்கல் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மழைக்காற்றோ மாடியிலிருந்த டிஷ்ஷை நகர்த்திவிட்டிருந்தது.

பாஸ்கல் நனைந்துகொண்டே திருப்பினான். "வந்துச்சா?"

"இல்லண்ணே!"

இன்னும் கொஞ்சம் திருப்பினான். "இப்ப?"

"வந்துச்சு... ஐயோ, போச்சுண்ணே!"

பின்னுக்கு இழுத்தான். மறுபடியும் வந்தது, போனது. செய்தி முடிய ஐந்தே நிமிஷம். பாவி, அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. அப்போதுதான் உறைத்தது. சிக்னலைப் பொறுக்கிச் சேர்த்துப் படமாக்க இந்தப் பெட்டிக்கு நாலு மூச்சு நேரம் ஆகிறது. அவள் குரல் வருவதற்குள் அவன் கை சரியான இடத்தைத் தாண்டிவிடுகிறது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

நூலளவு திருப்பி நிறுத்தி, பத்து எண்ணினான்.

கீழே அலறல் கேட்டது. "அண்ணே! அவருதான்! ஸ்ட்ரெச்சர்ல கீறாரு... கண்ணு தொறந்துகினு கீது, அசையவே மாட்றாரு!"

பாஸ்கலுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "பக்கத்துல நிக்கிறவங்க அசையறாங்களாம்மா?"

"யாருமே அசையலண்ணே!"

"அப்ப படந்தாம்மா நின்னுபோச்சு, ஆளு இல்ல! கண்ண எடுக்காத!"

சிக்னல் அடியோடு போனால்தான் கறுப்பு; சற்றே தடுமாறினால் கடைசியாக வந்த படத்தையே பிடித்துவைத்துக்கொள்ளும் பெட்டி அது. ஆனால் ஷவுகத் விஷயம் ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். காற்றில் ஆடிய டிஷ்ஷுக்குப் பின்னாலிருந்து தோளை முட்டுக்கொடுத்து மறுபடி எண்ணினான். ஏழு வரைக்கும் கீழே சத்தமே இல்லை. எட்டில் நாற்காலி கவிழ்ந்தது.

"சிமிட்னாரு! அண்ணே, கண்ண சிமிட்னாரு!"

செய்தி முடிந்து சோப்பு விளம்பரம் ஓட ஆரம்பித்த பிறகும் பாஸ்கல் தோளை எடுக்கவில்லை.