மந்திரிக்கு ஒரு சட்டை

நாய்க்கு மந்திரி என்று பெயர் வைத்தது தையல்காரரின் மனைவி. ஒரு வேலையும் செய்யாமல் கடை முழுவதையும் மேற்பார்வை பார்ப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். துண்டுத்துணி கீழே விழுந்தால் போதும், கவ்விக்கொண்டு ஓட்டம் பிடிப்பான். தையல்காரர் கத்திரிக்கோலைப் போட்டுவிட்டுத் துரத்த வேண்டும். துரத்தாவிட்டால் திரும்பி வந்து, துணியை ஆட்டிக் காட்டி வெறுப்பேற்றுவான்.

அப்படிப்பட்டவன் முன்னங்கால் ஒன்றை நொண்ட ஆரம்பித்தான். சுளுக்கு என்று நினைத்தார்கள். வீக்கம் வடியவில்லை. துணி விழுந்தாலும் அவன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

எக்ஸ்ரேயும் மற்ற சோதனைகளும் முடிந்ததும் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"எலும்புல புற்றுநோய். காலை எடுத்துடணும், அப்புறம் மருந்து. முழுசா குணமாகும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா இந்த வலி போயிடும்."

"மூணு காலோட எப்படிம்மா ஓடுவான்?"

"இப்ப நாலு காலோட ஓடுறானா?"

தையல்காரர் சம்மதித்தாரே ஒழிய மனசு ஆறவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்தவனைத் தானே முடமாக்குகிறோமோ என்று தவித்தார்.

ஆபரேஷன் நடந்த அன்று சும்மா உட்கார முடியவில்லை. மந்திரி காயத்தை நக்காமலிருக்க ஒரு சட்டை தைத்தார். நல்ல பருத்தித் துணி, அழுத்தமான தையல். அவன் வீடு வந்ததும் பெருமையாக விரித்துக் காட்டினார்.

மனைவி சட்டையின் கைகளை எண்ணிப் பார்த்தாள். "நாலாவது கை யாருக்குங்க? உங்களுக்கா?"

பழைய அளவு மனப்பாடம். அவர் விரல்கள் தம் பாட்டுக்குத் தைத்துவிட்டன. இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபோது அவர் அழுதுகொண்டிருந்தார். அந்தக் கையை வெட்டி, ஓட்டையை மூடித் தைத்தார். வெட்டிய துணியைக் குப்பையில் போட மனம் வராமல் மேசையோரம் வைத்தார்.

காயம் ஆறித் தையல் பிரித்த பிறகு, "இனிமே அவன் இஷ்டத்துக்கு விடுங்க" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலை மின்விசிறிக் காற்றில் அந்தத் துணி கீழே விழுந்தது. மந்திரி காதை நிமிர்த்தினான். அடுத்த நொடி துணி அவன் வாயில். மேசையை ஒரு சுற்று, இஸ்திரிப் பெட்டியை ஒரு சுற்று, வாசல், தெரு!

"பிடிங்க, பிடிங்க!" என்று கத்தினாள் மனைவி.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிய தையல்காரர் தெருமுனையில் மூச்சுவாங்க நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படிப் பிடிக்கிறது? அவனுக்கு மூணு கால், எனக்கு ரெண்டுதானே இருக்கு!"