ஈ நுழையாத அறை

எங்கள் தலைநகர் மொந்தெவிதேயோவில் உளவுப் பிரிவுக்கென்று ஒரு அறை கட்டினார்கள். சுவருக்குள் செம்புத் தகடு, கதவுக்கு இரண்டு பூட்டு, உள்ளே காலை வைத்ததும் போன் சிக்னல் செத்துவிடும். கட்டிக்கொடுத்த வெளிநாட்டு நிபுணர், "இதற்குள் பேசுவது கடவுளுக்கே கேட்காது" என்று மார்தட்டிவிட்டுப் போனார். வாசலில் நிற்கும் காவலர் போனை வாங்கிக்கொள்வார், கைக்கடிகாரத்தை வாங்கிக்கொள்வார், பேனாவைக்கூட விடமாட்டார். என் காதுத் தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஈ எறும்பு நுழைய முடியாத அந்த அறையில் பேசியதுதான், நாங்கள் வெளியே வந்து கொஞ்ச நேரத்துக்குள் துறைமுகத்துக் கடத்தல் கும்பலுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

அந்தக் கும்பல் கத்தியும் துப்பாக்கியுமாகத் திரிந்த பழைய ஆட்கள் அல்ல. ஒரு கப்பல் ஏஜென்டின் கணினிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, எந்தக் கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்ப்பார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் கம்பளி மூட்டைகளுக்கு நடுவே கொக்கேயினைச் செருகி அனுப்புவார்கள். நாங்கள் கணினித் தடயத்தைப் பிடித்து, எந்த வாசலில் எந்தக் கன்டெய்னரைத் திறப்பது என்று அறைக்குள் முடிவு செய்வோம். போய்த் திறந்தால் சுத்தமான கம்பளி. கம்பளிக்கு வாய் இருந்தால் எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

என் பெயர் ஈவோன் பெந்தாங்கோர். தடயம் பார்ப்பது என் வேலை, கோபப்படுவது என் குணம். என் பக்கத்து மேசைக்காரன் வாஷிங்டன் ஒலாய்சோலா. எங்கள் நாட்டில் பிள்ளைக்கு வாஷிங்டன், நெல்சன் என்று பெயர் வைப்பது சர்வ சாதாரணம். "இதுக்கு வாஷிங்டன் ஒத்துக்கமாட்டான்" என்று நான் ஒருமுறை சொன்னபோது அந்த நிபுணரின் முகம் வெளுத்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் மாத்தே ஊற்றுவது வாஷிங்டனின் பொறுப்பு. சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி நீட்டுவான். ஒருவர் உறிஞ்சி முடித்ததும் அதே குழலோடு அடுத்தவருக்குப் போகும். ஒரே குழலில் இத்தனை வருஷம் குடித்தவர்கள் நாங்கள். அவனைத்தான் எங்கள் தலைவர் எச்செகராய் சந்தேகப்பட்டார்.

ஒரு திங்கள்கிழமை கூட்டம் முடிந்ததும் தலைவர் எழுந்து நின்றார். அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வாஷிங்டன், உன் அனுமதி அட்டையக் குடுத்துட்டுப் போ. வெள்ளிக்கிழமை அமைச்சகத்துல விசாரணை. அதுவரைக்கும் வீட்ல இரு."

"எதுக்குத் தலைவரே?"

"நீ உக்காந்த கூட்டம் ஒவ்வொண்ணும் வெளிய போயிருக்கு. நீ பொண்ணு கல்யாணத்துக்கு லீவுல போன வாரம் மட்டும் சரக்கு மாட்டிச்சு. நான் என்ன நினைக்கறது?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வைத்து ஒரு மனுஷனின் கழுத்தில் கத்தி வைப்பதா? எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "உங்களுக்குப் புத்தி மழுங்கிப்போச்சா?" என்று கத்தி, கையிலிருந்த என் பிளாஸ்க்கை மேசையில் ஓங்கி வைத்தேன். உள்ளே கண்ணாடி கலகலவென்று நொறுங்கியது.

வெள்ளிக்கிழமை விசாரணை என்றால் சும்மா இல்லை. வேலை போகும், அதோடு நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று வழக்கும் வரும். வாஷிங்டனுக்கு அது தெரியும். முகம் சாம்பலாகிவிட்டது. அப்படியும் வாசலில் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"உன் கோவத்துக்கு அந்தப் பாவப்பட்ட பிளாஸ்க்தான் கெடச்சுதா? இந்தா, என்னோடத வெச்சுக்க. வீட்ல பழசு ஒண்ணு கெடக்கு."

"எனக்கு ஒண்ணும் வேணாம் போ."

"புடி தாயே. தண்ணி கொதிச்சா மாத்தே கசந்து போயிடும். இதுல சூடு எவ்வளவுன்னு மூடியிலயே காட்டும். நீ மறந்துட்டு ஊத்தி, எல்லாரும் என்னையத் திட்டப் போறாங்க."

அந்த பிளாஸ்க் அவன் பெருமை. ஏதோ துறைமுகப் பாதுகாப்புக் கண்காட்சியில் குலுக்கலில் விழுந்தது. மூடியைத் தொட்டால் சிவப்பு எழுத்தில் சூடு தெரியும். அலுவலகமே ஆளாளுக்கு வாங்கித் தொட்டுப் பார்த்து வயிறெரிந்த சாமான் அது. வாங்கிக்கொண்டேன். அவன் வெறுங்கையோடு படியிறங்கிப் போனதைப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது.

மறுநாள் கூட்டத்தில் மாத்தே ஊற்றியது நான். கிழக்குக் கிடங்கில் ஒரு கன்டெய்னரைத் திறப்பதென்று முடிவானது. சோர்ந்துபோன தொண்டையை நனைக்க நடுவில் ஒருமுறை வெளியே போய் வெந்நீர் பிடித்துவந்தேன். சாயங்காலம் போலீஸ் போய்த் திறந்தது. கம்பளி!

செய்தியைக் கேட்டதும் நான் நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தேன். "சபாஷ்! சபாஷ்! மறுபடியும் ஏமாந்துட்டோம்!"

தலைவர் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இதுல என்னடி சந்தோஷம்?"

"வாஷிங்டன் இங்க இல்லையே! அப்போ அவன் எப்படிச் சொல்லியிருப்பான்? அவன் இல்ல, தலைவரே, அவன் இல்ல!"

"அவன் இல்லன்னா வேற யாரு?" என்று கேட்டுவிட்டு, அவர் கண் மெதுவாக என் மேல் வந்து நின்றது. அடுத்த கழுத்து என்னுடையதா?

பயம் வந்தால்தான் எனக்கு மூளை ஓடும். நேற்றுவரை அவனிடமிருந்து கசிந்தது. இன்றைக்கு என்னிடமிருந்து கசிகிறது. லீவில் போனபோது அவனோடு போனது எது? நேற்று அவனிடமிருந்து என்னிடம் வந்தது எது? கக்கத்தில் இடுக்கியிருந்ததைப் பார்த்தேன். பிளாஸ்க் சிவப்பு எழுத்தில் எழுபத்தெட்டு என்று காட்டிக்கொண்டு சாதுவாக இருந்தது.

தலைவருக்கு வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பிளாஸ்க்கைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். அங்கே வேலை செய்யும் நோயெலியா அதை ஊடுகதிர்ப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். பிறகு அதைப் பெட்டிக்குள்ளேயே பூட்டிவிட்டு எங்களை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மூடியில சூடு பாக்கற கருவி இருக்கு. அதுக்குப் பக்கத்துல ஒரு மைக்கும் இருக்கு. நம்ம அறைக்குள்ள சிக்னல் கிடையாதில்ல, அதனால கேக்கறதச் சேத்து வெச்சுக்குது. வெந்நீர் புடிக்க வெளிய கொண்டுவந்தா உடனே அனுப்பிடுது."

பேனாவைப் பிடுங்கிய காவலர் ஒருநாளும் பிளாஸ்க்கைத் தொட்டதில்லை. தொடுவாரா? அவர் கக்கத்திலும் ஒன்று இருந்ததே. எங்கள் ஊரில் ஒருவன் பிளாஸ்க் இல்லாமல் நடந்தால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். கையை வெளியே வைத்துவிட்டு வா என்று யாரிடமாவது சொல்ல முடியுமா? அந்தக் கும்பலில் எங்களை நன்றாகத் தெரிந்த ஒருவன் இருந்திருக்கிறான்; கண்காட்சியில் அந்தக் குலுக்கலை வைத்தவனும் அவனாகத்தான் இருக்கும். இந்தப் பூமியில் எங்களைத் தவிர வேறு எந்த உளவுத்துறையும் எதிரியின் காதுக்கு வேளாவேளைக்கு வெந்நீர் ஊற்றியிருக்காது.

"ஒடச்சுப் போடு அத," என்றார் தலைவர்.

"ஒடைக்கவா? தங்க முட்டை போடற கோழி அது," என்றேன். "நாம சொல்றதெல்லாம் அவங்க நம்பறாங்க. நல்லதா ஒரு பொய் சொல்லுவோம்."

வியாழக்கிழமை நாடகம். திட்டம் எளிது. தலைவர் பிளாஸ்க்குக்கு முன்னால் வாஷிங்டனைத் துரோகி என்று திட்டி வேலையை விட்டு விரட்ட வேண்டும். அப்போதுதான் பிளாஸ்க் மேல் சந்தேகமில்லை என்று அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அப்புறம், மறுநாள் காலை எல்லாப் படையும் வடக்கு வாசலில் என்று அறிவிக்க வேண்டும். சரக்கு தெற்கு வாசலுக்கு வரும். அங்கே போலீஸ் காத்திருக்கும்.

வாஷிங்டனைப் பின்வாசல் வழியாக வரவழைத்து விஷயத்தைச் சொன்னோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "என் பிளாஸ்க்கா? அடப்பாவி... அத நான் தெனம் தொடச்சு வெச்சேனே!"

"நீ ஒரே ஒரு வரி பேசினாப் போதும்," என்றார் தலைவர். "'நான் எதுவும் பண்ணல'ன்னுட்டு வெளிய போயிடு." அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அறைக்குள் போனோம். நடுமேசையில் பிளாஸ்க். தலைவருக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பதுபோல ஆரம்பித்தார். "துரோகி! நீ இந்த நாட்டைக் காட்டிக்கொடுத்தாய்!" நோயெலியா சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே குனிந்துகொண்டாள். "நாளை வடக்கு வாசலில் சோதனை! நீ வெளியே போ!"

வாஷிங்டன் தன் ஒரு வரியைச் சொல்லவில்லை. பிளாஸ்க்கையும் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்தான்.

"இருவது வருஷம் தலைவரே," என்றான். "என் பொண்ணு கல்யாணத்துல எம்பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க. அந்த லீவையே எம்மேல சாட்சியா வெச்சீங்க. போகட்டும், சந்தேகம் யாருக்கும் வரும். ஒரு தடவ கூப்பிட்டு, 'ஏன்டா, நீயா'ன்னு கேட்டிருக்கலாம்ல? இல்லன்னு சொல்லியிருப்பேன். கேக்கக்கூட இல்லையே. ராத்திரி பூரா என் பொண்டாட்டி எங்கிட்ட கேட்டா, 'நீ நெசமா பண்ணலையே'ன்னு. முப்பது வருஷமா கூட இருக்கறவ. அவளுக்கே சந்தேகம் வர வெச்சுட்டீங்க."

இது நாடகத்தில் இல்லை. நோயெலியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தலைவருக்கு இதற்குப் பதில் வசனம் கிடையாது. மன்னிப்புக் கேட்டால் கும்பலுக்குக் கேட்கும். கேட்காமலிருந்தால் அவரே செத்துப்போவார் போலிருந்தது. எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து வாஷிங்டனை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"போடா!" என்று அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினார். "வெளிய போ! மூஞ்சியில முழிக்காத!" கை அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. "துரோகி..." என்றபோது குரல் உடைந்தது. அதற்கு மேல் விம்மல்தான்.

நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, "தண்ணி ஆறிப்போச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். வெந்நீர் பிடிக்கும்போது எனக்கே கண்ணீர் மறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை தெற்கு வாசலில் லாரி, சரக்கு, ஆட்கள் என்று கையும் களவுமாகச் சிக்கின. லாரிக்காரனின் போனைப் பிடித்துக்கொண்டு போனதில், எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த வீடும் அகப்பட்டது. அமைச்சகத்திலிருந்து அறைக்குள் பிளாஸ்க் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. மாத்தே இல்லாமல் அன்றைக்கு ஒருவரும் வேலை செய்யவில்லை. கண்ணாடி பிளாஸ்க் மட்டும் போகலாம் என்று சாயங்காலமே திருத்தினார்கள்.

கும்பல் மேல் நடந்த வழக்கு விசாரணையில் அந்த வீட்டில் கிடைத்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அரசு வழக்கறிஞர் கண்டிப்பான பெண்மணி. ஒவ்வொரு குரலும் யாருடையது என்று கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். வாஷிங்டன் பேசியது ஓடியது. தலைவர் கத்தியது ஓடியது. பிறகு விம்மல் சத்தம் மட்டும், வெகுநேரம்.

"இங்க அழறது யாரு?" என்று கேட்டார் வழக்கறிஞர்.

வேலை போனவன்தானே அழுவான்? கூடத்திலிருந்த எல்லோரும் வாஷிங்டனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மனைவியும் பார்த்தாள்.

தலைவர் எழுந்து நின்றார். "நான்தாங்க," என்றார். "அவன் மேல எந்தத் தப்பும் இல்ல. அவங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம விட்டது நான். அதுக்குத்தான் அழுதேன். அதையும் எழுதிக்கங்க."