புதியவர்களுக்கான சரிவு

பனிச்சறுக்குக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவர் வங்கி மேலாளர் வெற்றிச்செல்வன். ஜமுனாமரத்தூர் கிளையில் அவருக்கு அடுத்த நாற்காலி ஜீவானந்தத்துடையது. இருவருக்கும் குடும்பத்தோடு வெளியூர் போய்வரும் விடுப்பு மிச்சமிருந்தது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் நம் மலை மாதிரிதான் இருக்கப்போகிறது, பனி இருக்கிற ஊருக்கே போவோம், பிள்ளைகளோடு நாமும் சறுக்கப் பழகலாம் என்றார் அவர். ஜீவானந்தம் அன்று மாலையே வீட்டில் விஷயத்தைப் போட்டான்.

ஜீவானந்தத்துக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலம். மலைக்கு வேலைக்கு வந்த இடத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்த கலைவாணியைக் கல்யாணம் செய்துகொண்டான். நடுவில் போளூருக்கும் ஆரணிக்கும் மாற்றலாகிப் போனபோதும் குடியிருப்பு மட்டும் மாறவில்லை. அது கலைவாணியின் பெற்றோர் கட்டிய வீடு. அவர்கள் காலமான பிறகு வீட்டில் கலைவாணி, அவள் தம்பி கோவிந்தன், ஜீவானந்தம், மகள் எழிலரசி என்று நான்கு பேர்.

கோவிந்தனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. கொல்லை நிலத்தையும் மாடுகளையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். கலைவாணியும் எழிலரசியும் அவனோடு கையாலேயே எல்லாம் பேசுவார்கள். ஊர்ச் செய்தி, ஆஸ்பத்திரிக் கதை, பள்ளிக்கூடத்து வம்பு எதுவும் மிச்சமிருக்காது. ஜீவானந்தத்துக்குச் சாப்பிடு, வா, மோட்டாரைப் போடு, மாட்டைக் கட்டு என்று ஒருசில சைகைகள் மட்டும் தெரியும். மற்றதற்கெல்லாம் கலைவாணி இருந்தாள்.

கோவிந்தன் சிரித்தால் அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அது எவ்வளவு பெரிய சத்தம் என்று அவனுக்குத் தெரியாது. கண்ணமங்கலத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் அவன் அப்படிச் சிரித்தபோது வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இரண்டு பிள்ளைகள் அதே மாதிரிக் கத்திக்காட்டினார்கள். கலைவாணி அதைச் சட்டை செய்யவில்லை. ஜீவானந்தம் இலையை மூடிவிட்டு எழுந்துபோனான்.

எந்த ஊருக்குப் போவது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்தார்கள். வாணியம்பாடியில் சுற்றுலா ஏற்பாடு செய்துதரும் காஷிஃபா என்ற பெண்ணை வெற்றிச்செல்வனுக்குப் பழக்கம். அவள் போனிலேயே பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். குல்மார்க் அழகுதான், ஆனால் ரொம்ப உயரம், முதல் தடவை போகிறவர்களில் சிலருக்கு மூச்சு வாங்கும். மணாலிக்கு மேலே சின்னதாக ஒரு விடுதி இருக்கிறது. அதன் பின்பக்கத்திலேயே புதியவர்களுக்கென்று ஒரு சரிவு. விழுந்தாலும் அடிபடாது. மேலே ஏறவும் கஷ்டமில்லை, ஓடும் பட்டை ஒன்று இருக்கிறது, அதன்மேல் நின்றால் அதுவே கொண்டுபோய் விட்டுவிடும். கற்றுக்கொடுப்பவர்கள் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பார்கள்.

எழிலரசி டிவியில் அந்த விடுதியின் வீடியோக்களைப் போட்டாள். கோவிந்தன் திரைக்கு மிக அருகில் போய் உட்கார்ந்துகொண்டான். முழங்காலை மடக்கி, காலில் மாட்டிய சறுக்குக் கட்டைகளின் நுனிகளை உள்பக்கமாகத் திருப்பினால் வேகம் குறையும் என்பதைப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று அப்படியே செய்துகாட்டினான். மறுநாள் அவனும் எழிலரசியும் கொல்லை மேட்டிலிருந்து உரச்சாக்கில் உட்கார்ந்து சறுக்கி விளையாடினார்கள். கலைவாணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

காது கேட்காதவர்களுக்கு அங்கே கற்றுக்கொடுப்பார்களா என்று கேட்கச் சொன்னவளும் கலைவாணிதான். ஜீவானந்தம் கேட்டான். காஷிஃபா விசாரித்துவிட்டு மறுநாள் வங்கிக்கே போன் செய்தாள். தாராளமாகக் கூட்டி வரலாமாம். காது கேளாத பிள்ளைகளுக்கு முன்பே கற்றுக்கொடுத்த ஒரு மாஸ்டர் அங்கே இருக்கிறாராம். அவரையே ஏற்பாடு செய்துவிடட்டுமா என்று கேட்டாள்.

அவன் பதில் சொல்ல வாயெடுக்கும்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெற்றிச்செல்வன் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில் போகும், ஒரே மேசையில் சாப்பிடும். மேலாளரின் மனைவி ரேணுகாதேவி வேலூரில் கல்லூரிப் பேராசிரியை. அந்த மேசையில் கோவிந்தன் சிரிப்பதை ஜீவானந்தம் நினைத்துப் பார்த்தான்.

"இல்லம்மா, அவர் வரலைன்னுட்டார். கொல்லையில வேலை இருக்குது," என்றான்.

வீட்டில் வேறு மாதிரிச் சொன்னான். காது கேட்காதவர்களைச் சரிவில் விடமாட்டார்களாம், பின்னால் வருகிறவன் கத்தினால் கேட்காதே, மோதிவிட்டால் யார் பொறுப்பு என்கிறார்களாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கலைவாணி தம்பியின் எதிரில் உட்கார்ந்து அதைக் கையால் சொன்னாள். கோவிந்தன் முழுவதையும் பார்த்தான். பிறகு ஏதோ கேட்டான்.

"சறுக்க வேணாமாம். கீழ நின்னு உங்களையெல்லாம் பாத்துக்கினு இருக்கட்டுமான்னு கேக்கறான்," என்றாள் கலைவாணி.

ஜீவானந்தம் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தான். ரூம் கிடைக்காதாம், எல்லாம் நிறைந்துவிட்டதாம் என்றான். கலைவாணியின் கைகள் அதையும் சொல்லின. கோவிந்தன் சரி என்று தலையாட்டிவிட்டு மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனான்.

அன்றிலிருந்து ஜீவானந்தத்தால் அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. கோவிந்தனோ முன்பு போலவேதான் இருந்தான். எழிலரசிக்குக் கையுறை வாங்க அமிர்தி வழியாக வேலூர் போனபோது கூடவே போய்ப் பைகளைத் தூக்கி வந்தான். அக்காவின் கம்பளிச் சட்டை தளர்வாக இருக்கிறது என்று கையால் காட்டி, கடைக்காரனிடம் சின்னதாக ஒன்றை எடுத்துத்தரச் சொன்னான். ஊருக்குத் திரும்பியதும் ஜீவானந்தம் வங்கியில் கணக்கு முடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேலை ஏதுமில்லாமல் அங்கே போய் உட்கார்ந்திருந்தான்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காஷிஃபா தன் கணவன் வக்காரோடு பீமன் அருவி பார்க்க மலைக்கு வந்தாள். அப்படியே ஜீவானந்தத்தின் வீட்டுக்கும் வந்து, எல்லாருடைய கால் அளவையும் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பனிச்சறுக்கு பூட்ஸ் சரியாகப் பொருந்தாவிட்டால் முதல் நாளே கணுக்கால் புண்ணாகிவிடும், அதனால் விடுதிக்காரர்கள் முன்கூட்டியே அளவு கேட்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். வெற்றிச்செல்வன் குடும்பமும் வந்து சேர்ந்தது. கலைவாணி சாமைப் பாயசம் வைத்திருந்தாள்.

காஷிஃபா கீழே உட்கார்ந்து ஒவ்வொருவராக அளந்தாள். எழிலரசியின் காலை அளந்துகொண்டிருந்தபோது கோவிந்தன் கொல்லையிலிருந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டு வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"இவங்கதானே உங்க தம்பி?" என்று காஷிஃபா கலைவாணியிடம் கேட்டாள். "இன்னும் கூட டிக்கெட் கிடைக்கும் மேடம். அந்த மாஸ்டரும் அவங்களைக் கூட்டிட்டு வாங்கன்னுதான் சொன்னார். வேலை இருக்குன்னு சார் சொன்னதால விட்டுட்டேன்."

"எந்த மாஸ்டர்?" என்றாள் கலைவாணி.

காஷிஃபா சொன்னாள். பாதி சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. குரல் தணிந்துபோய், டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தாள். ரேணுகாதேவி பாயசக் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். யாரும் ஜீவானந்தத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவனைப் பார்த்திருந்தால் கூட அவனுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

கலைவாணி எல்லாருக்கும் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். பிறகு காஷிஃபாவிடம், தம்பியின் காலையும் அளந்துகொள்ளச் சொன்னாள். கோவிந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா கைகாட்டினாள் என்று உட்கார்ந்து காலை நீட்டினான். குதிகாலில் வெடிப்புகள் இருந்தன. காஷிஃபா குனிந்த தலை நிமிராமல் அளந்தாள்.

புறப்படும்போது வெற்றிச்செல்வன் ஜீவானந்தத்தைக் கார் பக்கம் அழைத்துப்போனார்.

"அவர் வந்தா எங்களுக்கு இன்னா கஷ்டம்னு நெனச்சீங்க?" என்று கேட்டார்.

அப்படியெல்லாம் இல்லை சார் என்று ஜீவானந்தம் ஏதோ சொல்லத் தொடங்கினான். அவர் அதைக் கேட்க நிற்கவில்லை.

அவன் திரும்பி வந்தபோது கலைவாணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றான். மன்னித்துவிடு என்றான். அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க பொய்யை என் கையால சொல்ல வச்சிட்டீங்க. அவன் பொறந்ததுலருந்து இந்தக் கையைத்தான் நம்பிக்கினு இருக்கான்."

கோவிந்தனிடம் உண்மையைச் சொல்லிவிடு, நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்றான் ஜீவானந்தம்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க."

கோவிந்தன் கொல்லையில் மொச்சை பறித்துக்கொண்டிருந்தான். ஜீவானந்தம் போய் அவன் முன்னால் நின்றதும் நிமிர்ந்து பார்த்தான். ஜீவானந்தம் தன்னைத் தொட்டுக்காட்டினான். காதில் போன் வைப்பது போலக் காட்டினான். கோவிந்தனைச் சுட்டிக்காட்டி, வா என்று கையசைத்தான். அவர்கள் வரச் சொன்னார்கள் என்று அதற்குப் பொருள். நான்தான் வேண்டாம் என்றேன் என்பதை எப்படிக் காட்டுவது? கையைக் குறுக்கே ஆட்டினான். மறுபடியும் தன் நெஞ்சைத் தொட்டான். கோவிந்தன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். ஜீவானந்தம் முதலிலிருந்து தொடங்கினான். கைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் எங்கெங்கோ போயின. இத்தனை வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டவனுக்குப் பொய் என்ற சொல்லுக்குச் சைகை தெரியவில்லை. கடைசியில் வாயைப் பெரிதாகத் திறந்து, "நான் பொய் சொன்னேன், நான் பொய் சொன்னேன்," என்று கத்த ஆரம்பித்தான். பக்கத்துக் கொல்லையில் களை எடுத்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

எழிலரசி ஓடிவந்து, அதைச் சைகையில் சொல்ல நடுவில் கையைத் தூக்கினாள். கோவிந்தன் அவளை வேண்டாமென்று நிறுத்தினான். ஜீவானந்தத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் காதைத் தொட்டான். ஜீவானந்தத்தைச் சுட்டினான். உள்ளங்கையால் தன் முகத்தை மூடிக்காட்டிவிட்டு, கையை எடுத்துப் பதிலுக்குக் காத்திருந்தான்.

அதைப் புரிந்துகொள்ள ஜீவானந்தத்துக்கு யாரும் தேவைப்படவில்லை. அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

கோவிந்தன் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். எழிலரசி அப்பாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், மாமாவின் பின்னால் போனாள்.

சில நாள் கழித்துக் கோவிந்தன் தானும் வருவதாக அக்காவிடம் சொன்னான். பனியைப் பார்க்க வேண்டும், அதை யாருக்காகவும் விட முடியாது என்றானாம். ரயிலிலும் வண்டியிலும் தன் இடம் எழிலரசிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னானாம். ஜீவானந்தம் காஷிஃபாவுக்குப் போன் செய்து, அன்று நான் சொன்னது பொய் என்று தொடங்கினான். அவள் சங்கடப்பட்டு, பரவாயில்லை சார், இன்னொரு டிக்கெட் போட்டுவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். மாலைதோறும் எழிலரசியிடம் சைகை கற்றுக்கொள்ள உட்கார்ந்தான். அவள் கண்டிப்பான டீச்சராக இருந்தாள். தப்பாகக் காட்டினால் கையைத் தட்டிவிட்டாள். கற்றதைக் கோவிந்தனிடம் காட்டிப் பார்த்தான். கோவிந்தன் தேவையானதற்குத் தலையசைத்தான். அதற்குமேல் ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் போனார்கள். விடுதி காஷிஃபா சொன்னபடியேதான் இருந்தது. முதல் நாள் எல்லாரும் விழுந்தார்கள், வெற்றிச்செல்வனும் ரேணுகாதேவியும் கூட. இரண்டாம் நாள் கோவிந்தன் மேலிருந்து கீழ்வரை விழாமல் வந்து சேர்ந்து, கைகளைத் தூக்கி அடித்தொண்டையில் கத்தினான். சரிவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்த நொடியில் ஜீவானந்தத்தின் கண்கள் தாமாகவே சுற்றுமுற்றும் போயின, யார் யார் பார்க்கிறார்கள் என்று. மாஸ்டர் கைதட்டிக்கொண்டிருந்தார். ரேணுகாதேவி போனில் படம் எடுத்தாள். கலைவாணி மட்டும் தம்பியைப் பார்க்காமல் கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவசரமாகக் கைதட்டினான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் பக்கத்துக் கொல்லை மங்கம்மாள் பனியைப் பற்றிக் கேட்டாள். கோவிந்தன் வேலியோரம் நின்று அவளுக்கு எல்லாவற்றையும் நடித்துக்காட்டினான். கனமான பூட்ஸ், ஓடும் பட்டை, மாஸ்டரின் மீசை, அக்கா விழுந்தது, எழிலரசி பனியை வாயில் போட்டுக்கொண்டது, மேலாளர் எழுந்திருக்க முடியாமல் ஆமை போலக் கிடந்தது என்று ஒன்றையும் விடவில்லை. மங்கம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜீவானந்தம் மாட்டுத்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே அதைப் பார்த்தான். இப்போது அவனுக்குச் சைகை பெரும்பாலும் புரிந்தது. அந்தக் கதை முழுவதிலும் அவன் எங்கேயும் வரவில்லை.