நிலை வைத்த வீட்டில் ஒரு லோடர்

வீரமுத்து மேஸ்திரிக்கு ஒரு பழக்கம். எதற்கும் பத்துப் பேரிடம் யோசனை கேட்பான், கடைசியில் தன் புத்திக்குப் பட்டதைத்தான் செய்வான். பெரியநாயகி அம்மாளின் வீட்டு வேலையிலும் அப்படித்தான் செய்தான், நன்றாக மாட்டிக்கொண்டான்.

பெரியநாயகிக்குக் களமருதூரில் நிலபுலம். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரானதும் டவுனில் ஒரு பழைய வீட்டை வாங்கி, இடித்துக் கட்டச் சொன்னார். நீளமான, ஒடுக்கமான மனை அது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பின்னால் அரங்கநாதன் என்பவர் தன் மனையைக் கிராவல் கொட்டி ஆள் உயரத்துக்கு மேடாக்கி, கருங்கல்லால் தடுப்பு கட்டிவைத்திருந்தார். போக வர வழி தெருப்பக்கம் மட்டும்தான். முன்பாதியில் புதுச்சுவர் எழும்பி, நடுவில் வாசலுக்கு அகலமாக இடம் விட்டிருந்தது. பின்பாதியில் பழைய வீட்டை இடித்துப்போட்ட கல்லும் மண்ணும் மலையாகக் கிடந்தன. அதை எதை வைத்து வெளியேற்றுவது?

பெரிய ஜேசிபி அந்த வழியில் மூக்கைக்கூட நுழைக்க முடியாது. டிராக்டரைத் தெருவில் நிறுத்தலாம், உள்ளே விட்டால் திருப்ப இடமில்லை. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செங்கல் துண்டில் ஏறினாலே குப்புறக் கவிழும். மிச்சம் செவ்வந்தியின் ஆட்கள்தான். கச்சிராயபாளையத்துக்கு அப்பால் மலையடிவாரத்து ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் சித்தாள் பெண்கள். வீரமுத்து கட்டிய வீடுகளின் மண்ணெல்லாம் அவர்கள் தலையில் ஏறித்தான் இறங்கியிருக்கிறது.

"எந்தம்பி மண்ணு அள்ற குட்டி லோடர் வாங்கிக்கினு வேலை இல்லாம நிறுத்தி வச்சிருக்கான். நீங்க இன்னும் பொம்பளைங்க தலையிலயே சொமந்துகினு இருக்கீங்க" என்றாள் மனைவி கமலா.

பெண்டாட்டி சொன்னதைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்? அதைவிட, கணக்குப் போட்டாலும் லோடர்தான் லாபம். பத்துப் பெண்கள் நாள் முழுக்கச் சுமப்பதை அது டீ நேரத்துக்குள் தள்ளிவிடும். வீரமுத்து செவ்வந்திக்குப் போன் போட்டு, இந்த வேலைக்கு மிஷின் வைத்துவிட்டதாகச் சொன்னான். நேரில் சொல்ல ஏனோ தைரியம் வரவில்லை.

கமலாவின் தம்பி பழனி லோடரோடு வந்து, வாசலுக்கு விட்டிருந்த இடம் வழியாக உள்ளே போனான். வண்டியின் வேலையைக் குறை சொல்ல முடியாது. அள்ளி அள்ளி டிராக்டரில் கொட்டி, பின்பாதியைத் துடைத்துவிட்ட மாதிரி ஆக்கியது. ஓரமாக இருந்த ஒரு குவியல்தான் பாக்கி. "வெள்ளிக்கிழமை காலைல வண்டி வெள்ளிமலைல நிக்கணும் மாமா. ரோட்டோரம் சுவரு கட்ற வேலை. நம்ம வண்டி வரலன்னா சேலத்துலேர்ந்து வேற வண்டி இறக்கிடுவாங்க. எனக்கு மொத பெரிய வேலை இது" என்று பழனி முன்கூட்டியே சொல்லியிருந்தான். இடத்தைப் பார்த்துவர ஞாயிற்றுக்கிழமையே மலைக்கும் போய்விட்டான்.

திங்கட்கிழமை நிலை வைக்க முகூர்த்தம். ஆவணியில் அதுதான் கடைசி. விட்டால் புரட்டாசி பிறந்துவிடும், பெரியநாயகி சம்மதிக்கமாட்டார். தேக்கு நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாவிலை கட்டினார்கள். அடியில் நவதானியமும் பொட்டுப் பொன்னும் போட்டு, சுமங்கலிகள் தொட்டுப் பிடிக்க, வீரமுத்து நிலையைத் தூக்கி நிறுத்தினான். பெரியநாயகி தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார். மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. தன் வேகத்தைக் காட்டவேண்டும் என்று அன்றைக்கே நிலைக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அடைத்து, மேலே கான்கிரீட்டும் போட்டுவிட்டான். பின்னால் குவியலின் மறைவில், தூறலுக்குத் தார்ப்பாய் போர்த்திய லோடர் நின்றது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

சாயங்காலம் பழனி சாவியோடு வந்தான். நிலையைப் பார்த்தான், உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மாமா, வண்டி எப்டி வெளிய வரும்?"

வீரமுத்து சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நின்றுவிட்டது சிரிப்பு.

மறுநாள் முழுக்க அவன் அளந்துகொண்டே இருந்தான். நிலையின் இந்தப் பக்கம் இடித்தாலும் அந்தப் பக்கம் இடித்தாலும் வண்டியின் அகலத்துக்கு இடம் வரவில்லை. கிரேன் கேட்டான். தெருவுக்கு மேலே கரண்டு கம்பி பின்னிக்கொண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, கிரேன்காரன் பீடியைக்கூட அணைக்காமல் திரும்பிப் போனான். டயரைக் கழற்றினாலும் வண்டியின் உடம்பு ஒரே இரும்புப் பெட்டி. கடைசியில் பெரியநாயகியிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா, நிலைய ஒரே ஒரு தரம் கழட்டிட்டு..."

அவர் கோபப்படவில்லை. நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "களமருதூர் வூட்ல பீரோ உள்ள போவலன்னு நிலைய கழட்டி மாட்டுனாங்க. அந்த வருசமே எங்கூட்டுக்காரர் போய்ட்டாரு. நீ நம்பு, நம்பாம போ. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இத யாரும் அசைக்கக் கூடாது."

தன் கையால் பொன் வைத்து நிறுத்திய நிலையை அசைக்க வீரமுத்துவுக்கே மனசில்லை.

வீட்டில் கமலா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "மாமாவ நம்பி வுடுடான்னு நாந்தான் அவங்கிட்ட சொன்னன்" என்றாள். வீரமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். லோடருக்காவது டீசல் ஊற்றினால் இருக்கும் இடத்திலேயே முன்னும் பின்னும் ஓடும். இவனுக்கு அந்தச் சுகமும் இல்லை.

வழி காட்டியது பின்மனை அரங்கநாதன். மேட்டின் மேல் நின்று வேடிக்கை பார்த்தவர், "இதும்மேல ஏத்திட்டீங்கன்னா எம்மனை வழியா ஓட்டிக்கினு போங்க. ஆனா சந்து ஆறடிதான். உங்க வண்டி போவும், லாரி டிராக்டர் வராது" என்றார்.

அதாவது, வீட்டுக்குள்ளே ஆள் உயரத்துக்குச் சரிவாக மண் மேடு போடவேண்டும். மண்? அந்த ஒரு குவியலைத் தவிர எல்லாவற்றையும்தான் வெளியேற்றியாயிற்றே! ஊருக்கு வெளியே கொட்டியதை டிராக்டரில் திரும்ப வாரிவந்து தெருவில் கொட்டலாம். அங்கிருந்து நிலைக்குள்ளே? தள்ளுவண்டியின் சக்கரம் வாசல்படியில் ஏறக்கூடாது என்று பெரியநாயகி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். தாண்டித்தான் வரவேண்டும். தலைச்சுமைதான் போக்கு.

வீரமுத்து மலையடிவாரத்துக்குப் பைக்கை விட்டான். செவ்வந்தியும் மற்றவர்களும் ஒரு காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மிஷின் வச்சிட்டன்னு சொன்னீங்களே மேஸ்திரி?"

"அந்த மிஷின வெளிய எடுக்கத்தான் வந்திருக்கன்."

நடந்ததைச் சொன்னான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சின்னப்பொண்ணு என்பவள் கிழங்குக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது அவனை. சிரித்து முடித்ததும் செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பையன் இன்னா பண்ணுவான் பாவம்" என்றாள். வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு எல்லாரும் வந்து இறங்கினார்கள்.

மண் சுமக்கும் இரும்புச் சட்டிகளில், முதல் பாண்டுக்குப் பெரியநாயகி மஞ்சள் தடவினார். "மண்ணு வூட்டுக்குள்ள வரலாம், நல்லதுதான்" என்று தானே சொல்லிக்கொண்டார். பெண்கள் படியை மிதிக்காமல் தாண்டித் தாண்டி உள்ளே கொட்ட, பழனி அதை லோடரால் பின்னால் தள்ளி அழுத்தினான். எங்கே பெரிய கல், எங்கே பொடி என்று செவ்வந்தி கை காட்ட, அவன் கொண்டுபோய்ப் போட்டான். மதியத்துக்குள் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். வீரமுத்து வழக்கம்போல் நடுவில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்றான்.

பொழுது சாயும் முன்னே மேடு தயாரானது. பழனி வண்டியை ஏற்றினான். பாதியில் மண் சரிந்து, டயர் சுழன்று, வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. சோறு கொண்டுவந்து நின்றிருந்த கமலா கையிலிருந்த தூக்கை நழுவவிட்டாள். "கல்லு! டயருக்குக் கல்லு!" என்று கத்தியபடி செவ்வந்தி ஓட, நான்கு பெண்கள் ஓடிப்போய் முட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் தரம் லோடர் உறுமிக்கொண்டு ஏறி, அரங்கநாதன் மனையில் போய் நின்றது. வீரமுத்து அழுதுவிட்டான். பத்துப் பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லை.

பழனியின் வேலை பிழைத்தது. சந்தின் முனையில் வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றிக் கட்டினான்.

"மாமா, மலைல கல்லு எடுத்துக் குடுக்க ஆளு வேணும். செவ்வந்தி அக்காவையும் அவங்க ஆளுங்களையும் கேட்டன். அவங்க ஊர தாண்டித்தான் போவணும், இப்டியே வராங்க."

"இப்பவேவா? உள்ள இருக்கிற மண்ண யாரு எடுக்கறது?"

லாரியில் ஒரு காலை வைத்திருந்த செவ்வந்தி திரும்பினாள். "வூட்டுப் பக்கத்துலயே வேலை மேஸ்திரி. பஸ்ஸுக்கு ஓட வேணாம். இத வுட்டுட்டு இங்க வருவனா, நீங்களே சொல்லுங்க." அவள் குரலில் பழிவாங்கும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. அதுதான் அவனை அதிகமாகக் குத்தியது. கமலாவும் தம்பிக்குத் திருநீறு பூசிவிட்டு, பிறந்த ஊர்வரை போய் வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். லாரி கிளம்பிப் போயிற்று.

வீரமுத்து புது வீட்டுக்குள் திரும்பி வந்தான். பின்பாதி முழுக்க மண். பெரியநாயகி அதை ஒரு பார்வை பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. வூட்டு மண்ணு வெளிய போவக் கூடாது. இன்னிக்கு ஆவறத எடுத்துடு."

வீரமுத்து சட்டையைக் கழற்றினான். பாண்டை நிறைத்து, துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, "செவ்வந்தி, தூக்கு" என்றான். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தூக்கிவிட யாருமில்லை. பெரியநாயகி புடவையைச் செருகிக்கொண்டு வந்து, பாண்டின் ஒரு விளிம்பைப் பிடித்தார். "குனி" என்றார்.

பாரம் உட்கார்ந்ததும் கழுத்து தோளுக்குள் இறங்கியது. தள்ளாடிக்கொண்டே நிலைவரைக்கும் வந்துவிட்டான். அந்தப் பெண்கள் காலையிலிருந்து கைவீசிக்கொண்டு போய்வந்த வழி. வீரமுத்துவோ நெட்டையன். பாண்டின் விளிம்பு நிலையின் மேல்கட்டைக்கு மேலே நின்றது. கொஞ்சம் குனிந்தான், கல் முன்னால் சரியப் பார்த்தது. நிமிர்ந்தான், கட்டையில் இடிக்கப் பார்த்தது. இறக்கிவைக்கலாம் என்றால் தனியாக இறக்கவும் தெரியவில்லை.

"பாத்து, பாத்து, நிலையில பட்டுடப் போவுது!" என்றார் பின்னாலிருந்து பெரியநாயகி.

"படாதும்மா" என்றான். இரண்டு கையாலும் பாண்டைப் பிடித்துக்கொண்டு, படிக்கு இந்தப் பக்கமே நின்றான்.